நிலை அறிக்கை

பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் என் வேலை,
பொருள்களுக்குப் பக்கத்தில் ஒட்டும் அட்டைகளுக்குத்
தமிழ் எழுதுவது.
அறுபது சொல்லுக்கு மேல் ஆகாது.
சிங்களம் மேலே, ஆங்கிலம் நடுவே,
நம்முடையது அடியில்.
குனிந்து வாசிக்கிறவர்களுக்கென்றே
ஏழு வருஷமாய் எழுதுகிறேன்.

இந்தத் தவணைக் கண்காட்சி
"தேயிலையும் காகிதமும்".
துரைமார் பொழுதுபோக்காய் வரைந்த
நீர்வர்ண மலைகள் பதினொன்று
(ஒன்றிலாவது ஆள் இல்லை),
செல்லரித்த பெரட்டுப் புத்தகம் ஒன்று,
மூன்றாம் வருஷப் பிள்ளைகள்
தேயிலைச் சாயத்தில் அச்சடித்த முகங்கள்.
வடக்குச் சுவரில், தனி வெளிச்சத்தில்,
கொழுந்து நிறுத்த தராசு.

அட்டையில் எழுதினேன்:
வில் தராசு. இரும்பு, பித்தளை.
அறுபது இறாத்தல் வரை. தோட்டப் பாவனை.
பதிவேட்டில், "நிலை" என்ற கட்டத்தில்:
முள் சற்றே வளைந்துள்ளது.
சும்மா தொங்கும்போதும் பூச்சியத்துக்கு
இரண்டு கோடு பின்னால் நிற்கிறது. பழுது.
கையெழுத்தும் என்னுடையதுதான்.

சனிக்கிழமை பொதுமக்கள் நாள்.
பொகவந்தலாவையிலிருந்து ஒரு பஸ்,
நாற்பத்திரண்டு பேர்.
கினிகத்தேனை வளைவுகளில் மூன்று பேருக்கு வாந்தி,
கம்பளையில் தேத்தண்ணி, சாமான் வாங்க அரைமணி.
நிகழ்ச்சி நிரலில்
பத்து மணிக்கு வரவேற்பு, பத்தரைக்கு உரை,
பதினொன்றரைக்குப் "பொருள்களோடு உரையாடல்".
யார் வைத்த பெயரோ,
உரையாடல் பத்து ஐந்துக்கே தொடங்கிவிட்டது.

தனபாக்கியம் என்று பிறகுதான் பெயர் கேட்டேன்.
மலைகளை ஒரு சுற்றுப் பார்த்தவர்
தராசின் முன்னால் நின்றார்.
கையில் கம்பளையில் வாங்கிய மாப் பை,
ஐந்து கிலோ, வாய் தைத்தது, முத்திரை போட்டது.
தூக்கிக் கொக்கியில் மாட்டினார்.

காவலுக்கு நின்ற ஜயதிஸ்ஸ ஓடிவந்து
நான் எழுதிய "தொடாதீர்கள்" பலகையைக் காட்டினார்.
"தொடலீங்க தம்பி,
தொங்கத்தான் விடுறேன்."

முள் ஆடியது, யோசித்தது, நின்றது.
ஐந்து கிலோ என்றால் பதினொரு இறாத்தல்.
தராசு சொன்னது ஒன்பது.

முதலில் ஒருவர் சிரித்தார்.
பிறகு கூடமே சிரித்தது,
கண்ணாடிப் பெட்டிகள் அதிர,
பெரட்டில் அடக்கி வைத்திருந்த சிரிப்பு.
"சாக்குக்கு ஒன்னு!"
"பனித்தண்ணிக்கு ஒன்னு!"
"அடேய், இங்க வந்தும் வெட்டுறானே!"

பொறுப்பாளர் கலாநிதி நிலந்தி
படியிறங்கி வந்து மன்னிப்புக் கேட்டார்,
பழைய பொருள், துரு பிடித்திருக்கும் என்று.
நான் மொழிபெயர்த்தேன்.
பெக்டரியில் மெசின் திருத்திய அந்தோனிமுத்து
கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போனார்.
"துரு இல்லீங்க மேடம்.
வில்லு தளந்தா கூடத்தான் காட்டும், கொறயாது.
முள்ள குறட்டால புடிச்சு மடிச்சிருக்கு.
இந்தா, பல்லு பட்ட தழும்பு."

அதையும் மொழிபெயர்த்தேன்.
அதற்கு எனக்கு நேரம் எடுத்தது.
எத்தனை முறை பஞ்சால் துடைத்த முள்,
புகைப்படம் எடுத்த முள்.
பித்தளையில் நான்கு சிறு பள்ளங்கள்.

பத்தரைக்கு உரை நடந்தது,
முப்பத்திரண்டு படங்களோடு.
பாதிப்பேர் தராசை விட்டு வரவில்லை:
தண்ணீர்ப் போத்தல், கைப்பை, யாரோ ஒருவரின் சப்பாத்து,
எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தார்கள்.
ஜயதிஸ்ஸ தன் தொப்பியைக் கழற்றி
அவரே கொக்கியில் மாட்டினார்.
முள் பூச்சியத்தைக்கூடத் தொடவில்லை.

புதிய அட்டை வேண்டும் என்றேன்.
குழுவில் வைத்துப் பேசலாம் என்றார் நிலந்தி,
நன்கொடை தந்தது கம்பனி.
முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் போன பிறகு
பதிவேட்டைத் திறந்தேன். அதற்குக் குழு தேவையில்லை.
"பழுது" என்பதை ஒரே கோட்டால் அடித்தேன்,
அடித்தது தெரிய வேண்டும் என்பது விதி.
பக்கத்தில் எழுதினேன்:
பழுதில்லை.
செய்வித்தபடியே வேலை செய்கிறது.

கொக்கியில் கொஞ்சம் மா ஒட்டியிருக்கிறது.
துடைக்க வேண்டும், எறும்பு வரும்.
திங்கட்கிழமை பார்க்கலாம்.